நீருக்கடியில் கேமராத் திரை தெரிய ஒரு ஹூட்: சன்போர்டு, குக்கர் கேஸ்கட், கொஞ்சம் ஈயம்

கேமராத் திரை மேல் வெயில் விழாமல் மறைக்க நான் செய்த கறுப்பு மறைப்பு, அதாவது ஹூட், ஒருவழியாக வேலை செய்துவிட்டது. முருடேஷ்வருக்கு எதிரே கடலில் இருக்கும் நேத்ராணித் தீவில், 12 மீட்டர் ஆழத்தில், நல்ல வெயில் நேரத்தில், கேமராத் திரையின் நான்கு மூலைகளும் தெரிந்தன. மீனின் வால் சட்டத்துக்குள் இருக்கிறதா, வெட்டுப்படுகிறதா என்பது எடுக்கும்போதே தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கரையேறிக் கணினியில் பார்த்து ஏமாந்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் கிடைக்கும் பொருள்களை வைத்து இதை எப்படிச் செய்தேன், எது வீணானது, என்ன செலவு என்று எழுதி வைக்கிறேன். ஹூட்டால் தீராத ஒரு விஷயமும் உண்டு. அது வெளிச்ச அளவு. அதற்குத் தனி வழி தேவைப்பட்டது.

என்னிடம் இருப்பது ஒரு இன்ச் சென்சார் கொண்ட காம்பாக்ட் கேமரா, 3 அங்குலத் திரை, கேமராவை நீர் புகாமல் மூடும் பாலிகார்பனேட் பெட்டி (ஹவுசிங்), நீருக்கடி ஃபிளாஷ் (ஸ்ட்ரோப்) ஒன்றே ஒன்று. ஹவுசிங்கின் பின்பக்க ஜன்னலை வெர்னியரில் அளந்தேன்: அகலம் 74 மி.மீ., உயரம் 55 மி.மீ. வலது பக்கப் பொத்தான்கள் ஜன்னல் விளிம்பிலிருந்து 9 மி.மீ. தள்ளித் தொடங்குகின்றன. அந்த இடம் முழுதும் ஹூட் சுவருக்கே என்று நினைத்தால் தவறு. பொத்தானை அழுத்தும் கட்டைவிரலுக்கும் இடம் வேண்டும். இந்த 9 மி.மீ. பின்னால் பெரிய தலைவலியானது.

பிரச்சினை என்னவென்றால், குறைந்த ஆழத்தில் இயற்கை ஒளியில் எடுக்கும்போது சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நிறம் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் முதுகுப் பக்கத்து வெயில் நேராகத் திரை மேல் விழுகிறது. நம் முகமூடி, வெளிர் நிற டீ-ஷர்ட், மேலே மினுங்கும் நீர்ப்பரப்பு எல்லாம் அந்த ஜன்னலில் தெரியும், படம் மட்டும் தெரியாது. அடர் நிற ராஷ் கார்டு (உடலோடு ஒட்டிய நீச்சல் சட்டை) போட்டதிலேயே பாதிப் பிரதிபலிப்பு போயிற்று. செலவில்லாத முதல் திருத்தம் அது.

அடுத்து மேட் ஃபிலிம். எஸ்.பி. ரோட்டில் மொபைல் உதிரிபாகக் கடைகளில் டேப்லெட்டுக்கு விற்கும் மேட் ஸ்கிரீன் கார்டை ரூ. 150-க்கு வாங்கி, ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஹவுசிங்கின் வெளிப்பக்கம் ஒட்டினேன். மேசை மேல் வைத்துப் பார்த்தால் அருமையாக இருந்தது. வாளித் தண்ணீரில் முக்கியதும் மேட் தன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண்ணும் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணும் நெருக்கமானவை. சொரசொரப்பான பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் அது வழவழப்பான பரப்பு மாதிரிதான். கீறல் விழுந்த ஹவுசிங் தண்ணீருக்குள் புதிதுபோலத் தெரிவதும் இதனால்தான். நீருக்கடியில் நம்மைத் தொந்தரவு செய்யும் பிரதிபலிப்பில் பெரும்பங்கு ஜன்னலின் உள்முகத்திலிருந்தும் கேமராத் திரையின் கண்ணாடியிலிருந்தும் வருகிறது. அங்கேதான் பிளாஸ்டிக்கும் காற்றும் சந்திக்கின்றன. அதே ஃபிலிமைக் கேமராத் திரை மேலேயே ஒட்டியபோது பிரதிபலிப்பு குறைந்தது, ஆனால் ஃபோகஸ் சரியா என்று பெரிதாக்கிப் பார்க்கையில் படம் மணல் தூவியது போல் இருந்தது. உரித்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம் வெள்ளெழுத்து. ஐம்பதை நெருங்குகிறவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. தண்ணீருக்குள் எல்லாம் கிட்டத்தில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும், 40 செ.மீ. தூரத்தில் பிடித்த திரை 30 செ.மீ. தூரத்தில் இருப்பதாகத்தான் கண் குவிய வேண்டும். நிலத்தில் கண்ணாடி இல்லாமல் எப்படியோ சமாளிக்கிறவர்கூட உள்ளே போனால் எண்களைப் படிக்க முடியாது. அதனால் ஹூட்டின் வாயில் ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தலாம் என்று திட்டமிட்டு, கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் ரூ. 220-க்கு ஒன்று வாங்கினேன். வாளிச் சோதனையிலேயே அது தோற்றது. இரண்டு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தால் லென்ஸின் குவியத் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு நீண்டுவிடுகிறது, அதாவது பெரிதாக்கும் வேலையே நடப்பதில்லை. லென்ஸ் காற்றில்தான் இருக்க வேண்டும். காற்று இருக்கும் இடம் முகமூடியின் உள்பக்கம். முகமூடிக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் உள்ளே ஒட்டும் மெல்லிய படிப்பு லென்ஸ்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன, +2.5 பவர் ஜோடி எனக்கு ரூ. 1,900 ஆனது. இந்த வேலையில் அதிகச் செலவும் இதுதான், அதிகப் பயனும் இதுதான். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ஹூட் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இனி ஹூட். முதலில் செய்தது 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக்கில், 120 மி.மீ. நீளப் பெட்டி. முகமூடி வரை மூடிவிட்டால் வெளிச்சமே வராது என்பது கணக்கு. துண்டுகளை க்ளோரோஃபார்ம் வைத்து ஒட்டி, உள்பக்கம் பளபளக்கிறதே என்று 220 நம்பர் உப்புத்தாளால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். நீச்சல்குளத்தில் பார்த்தபோது தேய்த்த பக்கத்துக்கும் தேய்க்காத பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேட் ஃபிலிமுக்குச் சொன்ன அதே காரணம். முகத்தை ஒட்டிப் பிடித்ததால் திரை இன்னும் கிட்டே வந்து, +2.5 லென்ஸ் இருந்தும் மங்கலாகத் தெரிந்தது. அதோடு பெட்டி பக்கவாட்டுப் பார்வையை முழுதாக மறைத்தது. கூட முங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் கேமராவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பது ஆபத்து. அந்த வடிவத்தை அத்தோடு கைவிட்டேன்.

எவ்வளவு நீளம் போதும் என்று பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வானத்திலிருந்து வரும் வெளிச்சம் நீருக்குள் எல்லாக் கோணத்திலும் வருவதில்லை. அலையில்லாத நீர்ப்பரப்பில் நுழையும் கதிர்கள் செங்குத்திலிருந்து அதிகபட்சம் 48.6 பாகைக்குள்தான் சாயும். அடிவானத்துக்குப் பக்கத்தில் சூரியன் இருந்தாலும் அவ்வளவுதான். ஜன்னல் உயரம் 55 மி.மீ., கேமராவை நேராகப் பிடிக்கிறோம் என்றால், ஹூட்டின் மேல் பலகை, அதாவது மேல் உதடு, 62 மி.மீ. நீண்டிருந்தால் நேர் வெளிச்சம் ஜன்னலைத் தொடவே முடியாது. அலை இருந்தால் கொஞ்சம் கசியும், பரவாயில்லை. கீழ்ப்பக்கம் வெள்ளை மணலிலிருந்து எகிறி வரும் ஒளிக்கு மட்டும் 30 மி.மீ. போதும். பக்கச் சுவர்கள் மேலே 62-லிருந்து கீழே 30-க்குச் சாய்வாக இறங்கின.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் திரை மேல்நோக்கிப் பார்க்கும். 20 பாகை சாய்த்தாலே உதடு 140 மி.மீ. வேண்டும், அது நடக்காத காரியம். மாறாக, மீனுக்குக் கீழே இறங்கி மேல்நோக்கி எடுத்தால் திரை தரையைப் பார்க்கிறது, ஹூட்டே தேவையில்லாத அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. நீருக்கடிப் படம் எடுக்கக் கற்றுத்தருபவர்கள் எல்லாரும் மேலேயிருந்து முதுகைப் படம் பிடிக்காதே, கீழே போய் மேல்நோக்கி எடு என்பார்கள். மீன் பாறையில் கரையாமல் நீலத்தில் எடுத்துக்காட்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். திரை தெரிவதற்கும் அதே நிலைதான் நல்லது என்பதை ஹூட்டை அளக்கும்போது கண்டுகொண்டேன்.

இரண்டாவது ஹூட்டுக்கான பொருளை ஸ்ரீராமபுரத்தில் பெயர்ப்பலகை செய்யும் ஒருவர் சொன்னார். கைவிட்ட அக்ரிலிக் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது விளிம்புல தெறிச்சிடும். அஞ்சு எம்.எம். கறுப்பு சன்போர்டு போடுங்க, கட்டர் பிளேடுலயே வெட்டலாம், துண்டு இருக்கு எடுத்துக்கங்க" என்றார். "எவ்வளவுண்ணா?" என்றதற்கு ரூ. 80 வாங்கிக்கொண்டார். சன்போர்டு என்பது நுரை பிவிசி. இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே வெட்டில் போகாமல் லேசாகப் பலமுறை இழுத்தால் விளிம்பு சுத்தமாக வருகிறது. ஒட்டுவதற்குக் குழாய் வேலைக்கு வாங்கும் பிவிசி சால்வென்ட் சிமெண்ட், சின்ன டப்பா ரூ. 60. மூலைகளில் உள்பக்கம் 10 மி.மீ. பட்டைகள் வைத்து பலப்படுத்தினேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: க்ளோரோஃபார்ம், பிவிசி சிமெண்ட் இரண்டுமே பாலிகார்பனேட்டைத் தின்னும். ஹவுசிங் மேல் ஒரு சொட்டு பட்டால் அந்த இடம் வெடிப்பு விட்டு வெளுத்துவிடும், அப்புறம் அந்த ஹவுசிங்கை நம்பித் தண்ணீரில் இறங்க முடியாது. ஹூட்டை வேறு அறையில் ஒட்டி, வாடை முழுக்கப் போகும்வரை மொட்டை மாடியில் காயவைத்த பிறகே ஹவுசிங் பக்கம் கொண்டுவந்தேன். ஹவுசிங்கில் துளை போடுவதோ பசை ஒட்டுவதோ கிடையவே கிடையாது. ஹூட்டின் நான்கு மூலைகளில் துளையிட்டு, 4 மி.மீ. எலாஸ்டிக் கயிற்றை ஹவுசிங்கின் முன்பக்கம் சுற்றி இழுத்துக் கட்டினேன்.

9 மி.மீ. விஷயத்துக்கு வருகிறேன். 5 மி.மீ. சுவர் வைத்ததும் பொத்தான் பக்கம் மீதி 4 மி.மீ. மட்டுமே. பிளேபேக் பொத்தானை அழுத்த விரல் நுழையவில்லை. வலது சுவரின் அடிப்பகுதியில் 25 மி.மீ. அகலத்துக்கு அரைவட்டமாக வெட்டி எடுத்தேன். அதன் வழியாக ஒளி கசியும் என்று பயந்தேன், கட்டைவிரலே அந்த இடத்தை மூடிவிடுகிறது.

சோதனை வைட்ஃபீல்டில் நண்பர் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் நீச்சல்குளத்தில். ஆழம் 1.4 மீட்டர், வெளிர் நீலத் தரை ஓடு, மேலே கூரை இல்லை. கண்கூச வைக்கும் இடம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. முதலில் கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்குக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி அரைமணி நேரம் அடியில் போட்டோம். பேப்பர் உலர்ந்தே இருந்தது. பிறகு கேமரா.

இறங்கியதுமே ஒரு கோளாறு. ஹூட்டுக்குள் காற்று சிக்கிக்கொண்டது. திரையின் மேல்பாதி காற்றுக்குமிழ் வழியாகவும் கீழ்ப்பாதி தண்ணீர் வழியாகவும் தெரிந்து படம் இரண்டாக உடைந்தது. கேமராவைக் குப்புறக் கவிழ்த்து ஆட்டினால் போகிறது, ஆனால் ஸ்கூபாவில் நாம் விடும் மூச்சுக்குமிழ்கள் ஏறி வந்து மறுபடி மேல் உதட்டின் அடியில் தங்கும். மேல் உதடு ஜன்னலைத் தொடும் மூலைகளில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டேன். சின்னக் குமிழ் துளையில் ஒட்டிக்கொண்டு வெளியேற மறுத்தது. 10 மி.மீ. ஆக்கியதும் சரியாகிவிட்டது. துளைக்கு மேலே ஒளி மறைக்க ஒரு சிறு சன்போர்டுத் துண்டு, இடைவெளி விட்டு.

ஹூட் மிதக்கவும் செய்தது. நுரை பிவிசி என்பதால் கேமராவின் பின்பக்கம் மேலே தூக்கியது. சிவாஜி நகரில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் வாங்கிய ஈயக் குண்டுகள் 30 கிராம் அளவுக்குக் கீழ் உதட்டின் அடியில் கட்டியதும் சமனானது. ரூ. 40.

இப்போது வெளிச்ச அளவு. குளத்தில் சாம்பல் அட்டை, வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை மூன்றையும் லேமினேட் செய்து அடியில் நிறுத்தி, குறைவிலிருந்து கூடுதல் வரை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) இடைவெளியில் வரிசையாக எடுத்தேன். பிறகு அடியிலிருந்தபடியே, எந்தப் படம் சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஹூட் இல்லாமல் தேர்ந்தெடுத்தவை சுமார் ஒரு ஸ்டாப் வெளுத்தவை. சுற்றிலும் வெளிச்சம் அதிகம், திரை மங்கலாகத் தெரிகிறது, கை தானாகக் கூட்டுகிறது. வீட்டில் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு அதே படங்களைப் பார்த்தால் நேர் எதிர்: இருட்டான படமே கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. இரவு முங்குதலிலும் ஆழத்திலும் எடுத்தவை கணினியில் கறுத்துப்போய் வருவது இதனால்தான். ஹூட் போட்டபின் பிழை குறைந்தது, போகவில்லை. ஆகவே திரைப் படத்தைச் சட்டம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, ஒளிக்கு ஹிஸ்டோகிராமைத்தான் கேட்பது என்று பிரித்துவிட்டேன். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம் அது.

இதற்காகக் கேமராவில் மாற்றியவை: திரைப் பிரகாசத்தை நடு அளவில் நிறுத்திவிட்டேன், இனி எங்கேயும் தொடுவதில்லை. படப்பாணியை நியூட்ரலுக்கு மாற்றினேன். கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுத்தாலும் ஹிஸ்டோகிராம் கேமரா தயாரிக்கும் ஜேபெக்கை வைத்தே வரையப்படுகிறது. பளிச்சென்ற பாணி வைத்தால் எரியாத இடத்தையும் எரிந்ததாக, அதாவது முழுக்க வெளுத்துப்போனதாக, சொல்லும். பிளேபேக்கில் மூன்று நிற ஹிஸ்டோகிராமும், அதிகம் வெளுத்த இடங்கள் சிமிட்டும் எச்சரிக்கையும் வருகிற பக்கம் முதலில் திறக்கும்படி வைத்தேன்.

நிலத்தில் ஹிஸ்டோகிராம் பார்த்துப் பழகியவர்களும் நீருக்குள் குழம்புவார்கள். சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். ஸ்ட்ரோப் இல்லாமல் எடுத்தால் சிவப்பு மேடு இடது சுவரில் ஒட்டிக்கிடக்க, நீலம் வலதுபக்கம் முட்டிக்கொண்டிருக்கும். மொத்த ஒளியின் வரைபடத்தை மட்டும் பார்த்தால் நன்றாகவே இருப்பதாகத் தெரியும், நீலம் எரிந்துபோனது தெரியாது. நீலத்தின் வலது விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் சின்ன உயிரினத்தை ஸ்ட்ரோபால் எடுத்தால் மேடு முழுக்க இடதுபக்கம் குவிந்திருக்கும், அது தவறே அல்ல. வலதுபக்கம் சுவரை முட்டாத ஒரு மெல்லிய வால் இருந்தால் போதும். சட்டத்துக்குள் சூரியன் வந்தால் அது எப்படியும் சிமிட்டும், விட்டுவிடலாம். வெள்ளி மீனின் செதில் சிமிட்டினால் விடக் கூடாது. படம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிமிட்டினால், ஸ்ட்ரோப் ஒளி தண்ணீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம். ஸ்ட்ரோபைத் தாங்கும் கம்பியை இன்னும் அகலமாக விரிக்க வேண்டும். இந்தப் புள்ளிகள் சாதாரணமாகத் திரையில் தெரியாது, சிமிட்டல்தான் காட்டிக்கொடுக்கிறது.

நேத்ராணிக்குப் போகும் முன்பே ஹவுசிங்கைப் பெங்களூரில் உலர்ந்த காற்றில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிக்கொண்டேன். கடற்கரை ஈரக்காற்றில் திறந்து மூடினால் உள்ளே ஆவி படிந்து ஜன்னலே மறைந்துவிடும். முருடேஷ்வரிலிருந்து படகில் சுமார் 19 கிலோமீட்டர். அங்கே முதல் இறக்கத்தில் 10 மீட்டர் தாண்டியதும் ஹூட் தளர்ந்து பக்கவாட்டில் நழுவியது. ஹூட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் மெத்தைக்காக 6 மி.மீ. ஈவிஏ நுரைப் பட்டை வைத்திருந்தேன். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. நுரைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்க, கயிற்றின் இறுக்கம் போய்விட்டது. படகுக்குத் திரும்பியதும் பட்டையைப் பிய்த்துவிட்டுக் கயிற்றை நேராக இறுக்கிக் கட்டி சமாளித்தேன். ஊருக்கு வந்தபின் அந்த இடத்துக்குப் பழைய பிரஷர் குக்கர் கேஸ்கட்டை வெட்டி வைத்துவிட்டேன். கெட்டி ரப்பர், உள்ளே காற்று இல்லை, எந்த ஆழத்திலும் சுருங்காது.

இறுக்கிக் கட்டிய பிறகு 12 மீட்டரில் எடுத்த படங்கள்தான் இதை எழுத வைத்தன. ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/125. ஷட்டரை வைத்துப் பின்னால் உள்ள நீலத்தைக் கட்டுப்படுத்தினேன், ஸ்ட்ரோபின் அளவை வைத்து முன்னால் உள்ள பாறையை. கிளிமீன் ஒன்று பவழத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இறங்கி, மேல்நோக்கிப் பிடித்து, மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடது மேல் மூலையில், கூட வந்தவர் காலில் மாட்டியிருந்த ஃபின் (நீச்சல் துடுப்பு). ஹூட் இல்லாவிட்டால் அது கணினியில்தான் தெரிந்திருக்கும். ஒரு முழம் நகர்ந்து மறுபடி எடுத்தேன். வரைபடத்தில் நீலம் வலது சுவரைத் தொட்டது, ஷட்டரை 1/200 ஆக்கினேன், சரியாக வந்தது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் திரையைப் பார்க்கும் முன்பே, சிலிண்டரில் மீதிக் காற்று எவ்வளவு என்று காட்டும் பிரஷர் கேஜைப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டேன். திரை தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் அதிலேயே மூழ்கிவிடத் தோன்றுகிறது, காற்று அதற்குக் காத்திருக்காது.

ஒரு சூழ்நிலையில் ஹூட் எதுவும் செய்யவில்லை. பாறை இடுக்கில் மோரே விலாங்கு. கையை நீட்டிக் கேமராவைத் தாழ்வாக வைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் திரை வெள்ளிக் கண்ணாடியாகிவிடுகிறது, படமே இல்லை. தண்ணீரிலிருந்து ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்றைச் சுமார் 48 பாகைக்கு மேல் சாய்வாகப் பார்த்தால் முழுப் பிரதிபலிப்பு. தலையைத் திரைக்கு நேராக இறக்குவது ஒன்றே வழி. முடியாத இடத்தில் தாராளமாக இடம் விட்டுச் சட்டம் வைத்து, பிறகு வெட்டிக்கொள்கிறேன்.

மொத்தச் செலவில், வீணான ஃபிலிம், பூதக்கண்ணாடி, அக்ரிலிக் துண்டுகளைத் தவிர்த்துவிட்டால், ஹூட்டுக்கு மட்டும் ரூ. 250-க்குள் முடிந்தது; கயிறும் ஈயமும் சேர்த்து. முகமூடி லென்ஸ் தனி. கடலிலிருந்து வந்ததும் ஹூட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், கயிற்றில் உப்பு இறங்கினால் எலாஸ்டிக் விறைத்துவிடும்.

அடுத்த முறை மேல் உதட்டை இரண்டு துண்டாகச் செய்யப் போகிறேன். 62 மி.மீ. நிலையானது, அதற்கு மேல் கீல் வைத்த இன்னொரு 60 மி.மீ. மடிப்பு, கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டிவந்தால் மட்டும் விரித்துக்கொள்ளலாம். இரும்புக் கீல் துருப்பிடிக்கும் என்பதால் சன்போர்டின் ஒரு முகத்தை மட்டும் கீறி, பின்பக்கம் ரெக்சின் பட்டை ஒட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பொத்தான் பக்கச் சுவரை 3 மி.மீ. போர்டில் செய்தால் விரலுக்கு இன்னும் 2 மி.மீ. கிடைக்கும். ரூ. 80-க்கு வாங்கிய துண்டில் இதற்குப் போதுமான மீதி இருக்கிறது, 3 மி.மீ. போர்டு மட்டும் வாங்க வேண்டும்.